விமானமும் அதன் ஏடும்

1910ஆம் ஆண்டில், சென்னையில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்செலிஸ் என்பார், தாம் வகுத்த விமானத்தைச் சிம்ப்சன் கம்பெனியாரைக் கொண்டு செய்வித்துப் பல்லாவரத்திற் பறந்து காட்டினார். அடுத்த ஆண்டே இந்திய ஆகாயக் கப்பற் சட்டம் பிறந்தது. பின்னர் 1934ஆம் ஆண்டுச் சட்டமும் 1937ஆம் ஆண்டு விதிகளும் வந்தன. மும்பையில் மொட்டை மாடியொன்றில் ஆறு பேர் அமரும் விமானம் சமைத்த அமோல் யாதவ், 2011இல் விண்ணப்பித்து, 2017இற் பதிவும் 2019இற் பறக்கும் அனுமதியும் பெற்றார். இத்தாமதத்தை யாம் புகழோம். ஆயினும் தாமதம் வேறு, ஏடு வேறு.

இவ்வேறுபாட்டை யாம் கண்டது ஆர்.எஸ்.புரத்து எம் வீட்டின் பின்கட்டில். எம் பெரிய தந்தையாரின் மகனார் பொறியியல் கற்றவர். ஒருவர் அமரும் சிறு விமானத்திற்கு மரத்தால் இறக்கை செய்து வருகிறார். அரசினர்க்கு விண்ணப்பிக்குமுன் அதனைப் பார்வையிட, ஓய்வு பெற்ற விமானப் பொறியாளர் ஒருவர் இசைந்திருந்தார். அவர் முதலிற் கேட்டது இறக்கையையன்று. வரைபடம், மரமும் பசையும் வாங்கிய ரசீதுகள், நிழற்படங்கள், நாள்தோறும் செய்த வேலையைக் குறித்த பதிவேடு ஆகியவற்றையே. அமெரிக்க நாட்டிலும், வீட்டில் விமானம் செய்தவர் அதன் பெரும்பகுதியைத் தம் கையாற் செய்ததற்குப் பதிவேட்டையே சான்றாகக் காட்டுவர்.

எம் தமையனாரின் பதிவேட்டில் மூன்று மாதம் வெறுமையாய் இருந்தது. "தம்பி, உன் கையெழுத்து முத்துப் போன்றது. நான் சொல்லச் சொல்ல எழுதிவிடு" என்றார். பொறியாளர் வருவதற்கு இரண்டே நாள் இருந்தன.

சுவடியிற் சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுதல் பதிப்பாசிரியர் மரபு. தாமே பாடி நிரப்புதல் மரபன்று. "அண்ணா, எந்த நாளில் எந்தப் பசையைக் கலந்தீர்கள் என்று தெரியுமா?" என்றோம். அவர் பேசவில்லை.

இதில் ஒரு நுட்பமுண்டு. அப்பசை இரு பொருள்களை அளவறிந்து கலப்பது. அளவு பிசகினாலும், குளிரில் ஒட்டினாலும், வெளிப்பார்வைக்கு இறுகியதுபோல் தோன்றியும் உள்ளே வலுவின்றி நிற்கும். இறக்கையின் மேற்பலகையை மூடியபின் எவர் கண்ணும் அவ்விடம் செல்லாது. ஆதலின் ஒவ்வொரு கலவையிலும் இரண்டு மரத்துண்டுகளை ஒட்டி, நாள் குறித்து வைத்துப் பின்னர் உடைத்துப் பார்ப்பர். மரம் கிழிந்தால் பசை நன்று. ஒட்டிய இடத்திலேயே பிரிந்தால் தீது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி ஆடியில் ஈரக்காற்று வீசும் இவ்வூரில் அச்சோதனை பின்னும் இன்றியமையாதது.

அம்மூன்று மாதத் துண்டுகள் ஒரு பெட்டியிற் கிடந்தன, பதினொன்று. ஒன்றிலும் நாள் இல்லை. அன்றிரவே அவற்றைப் பிடிசிராவியில் வைத்து உடைத்தார். ஒன்பது மரத்தோடு கிழிந்தன. இரண்டு, கொட்டைப் பாக்குப் பிளந்தாற்போல் வழவழவெனப் பிரிந்தன.

அவ்விரண்டும் எந்த நாளின் கலவை? இறக்கையில் எந்த விலாவை ஒட்டியது? சொல்ல வல்லது பதிவேடு ஒன்றே, அதுவோ வெறுமை. பொறியாளருக்கு வரவேண்டா என்று செய்தி சொன்னார். பெரியம்மா எழுந்து வந்து விளக்கை அணைக்கச் சொன்னதையும் கேளாமல், விடியுமட்டும் மேற்பலகையைப் பிரித்தெடுத்தார். யாம் விளக்குப் பிடித்தோம். பின்னர்ப் பதிவேட்டை வாங்கித் தாமே எழுதினார்: தேதி, பிரித்த பலகையின் அளவு, காரணம். எழுத்து அழகாயில்லை.