நெய்தலுக்கு ஒரு புதிய யாழ்

நிலந்தோறும் அதற்குரிய இசை உண்டு எனக் கண்டவர் நம் முன்னோர். தொல்காப்பியம் கருப்பொருள்களுள் யாழையும் வைத்து எண்ணுகிறது. நம் நெய்தலுக்குரிய உணர்வு இரங்கல். அமெரிக்கத் தென் கலிஃபோர்னியக் கடற்கரையோ, 1960களின் தொடக்கத்தில் களிப்பின் இசையைப் பெற்றது. பலகை மீது நின்று அலையில் சறுக்கி விளையாடும் இளைஞர்களிடையே பிறந்த அதனைச் 'சர்ஃப்' இசை என்றனர்.

அதன் முன்னோடி டிக் டேல் (1937–2019). தந்தை வழியில் லெபனானியரான அவர், உறவினர் ஒருவர் வாசித்த 'ஊத்' என்னும் அரபு நரம்புக் கருவியைக் கேட்டு வளர்ந்தவர். 1962இல் அவர் மின்கிதாரில் இசைத்த 'மிசிர்லூ', கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதியின் பழைய மெட்டு. அதன் சுரங்கள் அரபியரின் ஹிஜாஸ்காரையும் நம் மாயாமாளவகௌளையையும் ஒத்தவை.

'பில்போர்டு' இதழ் 1958இல் தொடங்கிய நூறு பாடல் வரிசையில் இவ்விசை விரைந்து ஏறியது. 1963இல் பீச் பாய்ஸ் குழுவின் 'சர்ஃபின் யு.எஸ்.ஏ.' மூன்றாம் இடத்தையும், 'வைப் அவுட்' இரண்டாம் இடத்தையும், ஜானும் டீனும் பாடிய 'சர்ஃப் சிட்டி' முதலிடத்தையும் பெற்றன. 1964இல் பீட்டில்ஸ் குழுவினர் வந்தனர், அலை தணிந்தது.

லால்குடியிலிருந்து இரயிலேறித் திருச்சிக்குப் படிக்க வரும் நாங்கள் இவ்விசையைக் கேட்டு மகிழ்வோம். "வயலினுக்குப் பேர்போன ஊரில் இந்த அயல்நாட்டுக் கூச்சல் எதற்கு?" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கடிந்தார். வயலினும் ஐரோப்பாவிலிருந்து வந்ததே என்றோம். நம் ஊர்ப்பெயரிலுள்ள 'லால்' கூடச் சிவப்பைக் குறிக்கும் உருதுச் சொல் என்பரே என்றோம்.

அவர் சினக்கவில்லை. "உண்மைதான், தம்பிகளே. ஆனால் வந்த வயலினை நம்மவர் கேட்டதோடு நிற்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பயின்று தமதாக்கினர். நீங்கள் என்ன பயின்றீர்கள்?" என்றார்.

அவ்வினா எங்களை உறங்கவிடவில்லை. லால்குடி ஜெயராமன் (1930–2013) மேலைக் கருவியில் தமக்கென ஒரு பாணியையே வகுத்தார். 1965இல் எடின்பரோ விழாவில் அவர் வாசிப்பைக் கேட்டு வியந்த மேலைநாட்டு மேதை யெகுதி மெனுகின், இத்தாலிய வயலின் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார். பிறந்த கண்டத்திற்கே அக்கருவி புதிய குரலோடு திரும்பிச் சென்றது. டிக் டேலும் தம் முன்னோர் இசையைப் புதிய கருவியில் ஏற்றினார். இருவரையும் உயர்த்தியது உழைப்பே.

இன்று சென்னையை அடுத்த கோவளத்தில் மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்கில் சிறந்து விளங்குகின்றனர். அவர்தம் களிப்பைப் பாடும் தமிழிசையைப் படைக்கப் போவது யார்? நண்பர்களே, பயில்வோம் வாரீர்!