நாங்கள் 'பாரு'க்குப் போகிறோம்!

தலைப்பைப் பார்த்துப் பயந்து விடாதீர்கள், சகோதரிகளே! மில்க் பார், ஜூஸ் பார் என்றெல்லாம் இருக்கிறதே, அந்த மாதிரி இது ஒரு நூடுல்ஸ் பார். எங்கள் வியாசர்பாடியில் தெருமுனையில் இருக்கிற சின்னக் கடை. ஒரு நீள மேடை, அதைச் சுற்றி ஆறு உயர ஸ்டூல்கள், அவ்வளவுதான். பர்மா அத்தோவும் உண்டு, கோபி மஞ்சூரியனும் உண்டு, சீஸ் போட்ட தோசையும் உண்டு. போர்டில் 'பார்' என்று பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், "ஏம்மா, இந்த வயசிலே உனக்கு இதெல்லாம் தேவையா?" என்று கேட்டாரே பார்க்கணும்!

மாதத்தில் இரண்டு வியாழக்கிழமை, பகல் ஒரு மணிக்கு நானும் என் சிநேகிதியும் அங்கே போய்ச் சாப்பிடுகிறோம். "வீட்டிலே சமைத்து வைத்துவிட்டு ஹோட்டலுக்கா?" என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் அவளும் பிளஸ் டூ வரை ஒரே பெஞ்சு. கல்யாணமாகியும் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறோம். அவள் வீட்டில் மாமியார் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடுவார். கடையிலிருந்து கணவர் வருவது இரண்டு மணி. பிள்ளைகள் எப்போது வருவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. எல்லாருக்கும் பரிமாறி, பாத்திரம் ஒழித்துப் போட்டு, இவள் தட்டைக் கையில் எடுக்கும்போது மணி மூன்று. அதுவும் நின்றுகொண்டே, மிச்சம் மீதி சாதத்தில் மோரை ஊற்றி இரண்டு வாய். நம்மில் எத்தனை பேர் வீட்டில் இதே கதைதானே!

அவளுக்கு மூன்று வருஷமாகச் சர்க்கரை. காலையில் மாத்திரை போட்டுக்கொள்வாள். மாத்திரை வேளை தவறாது. சாப்பாட்டு வேளைதான் தவறும். போன வருஷம் ஒருநாள் நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. அத்தனை பேருக்கும் பந்தி முடிந்து இரண்டரை மணிக்கு, சமையலறையில் கை நடுங்கி, உடம்பெல்லாம் தண்ணீராக வியர்த்து, அடுப்புப் பக்கத்திலேயே சரிந்து விட்டாள். நல்லவேளை, நினைவு தப்பவில்லை. சின்னப் பையன் பார்த்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருக்கிறான். அப்புறம் டாக்டரிடம் போனார்கள்.

"சர்க்கரை ஏறினா மட்டும் ஆபத்துன்னு நினைக்காதீங்கம்மா. எழுபதுக்குக் கீழே இறங்கினாலும் ஆபத்துதான்" என்றாராம் டாக்டர். சில வகை மாத்திரைகளும் இன்சுலினும் எடுத்துக்கொள்கிறவர்கள் வேளைக்குச் சாப்பிடாவிட்டால் இப்படித்தான் இறங்கிவிடுமாம்.

நான் பார்க்கப் போனபோது மாமியார் பாவம், வாசலிலேயே அழுதார். "நான் சாப்பிடுன்னு சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். இவ கேட்டாத்தானே!" என்றார். அவர் போனதும் இவள் மெதுவாகச் சொன்னாள்: "சொல்றாங்கடி, இல்லேங்கலே. ஆனா நான் உட்கார்ந்தா எனக்கு யாரு பரிமாறுவா? உட்கார்ந்த உடனே யாராவது தண்ணி கேப்பாங்க, அப்பளம் கேப்பாங்க. எழுந்திரிச்சா அப்புறம் உட்கார மனசு வராது."

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். தினமும் ஒரு மணிக்கு நான் போன் பண்ணி, "தட்டு போட்டாச்சா?" என்று கேட்பேன். அவள் என்னைக் கேட்பாள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, எழுந்திருக்கவே வேண்டாத ஓர் இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்த இடம்தான் இந்த நூடுல்ஸ் பார்.

இந்தக் கடையைத் தேர்ந்தெடுத்தது அவள்தான். அதற்குக் காரணம் உண்டு. அவள் அம்மா பிறந்தது ரங்கூனில். 1962-ல் அங்கே ராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடை கண்ணிகளை எல்லாம் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. லட்சக்கணக்கான நம் ஜனங்கள் சம்பாதித்ததை அங்கேயே விட்டுவிட்டு, கையில் ஒன்றுமில்லாமல் கப்பல் ஏறினார்கள். அவள் அம்மா 1965-ல், பன்னிரண்டு வயசுப் பெண்ணாக மதராஸில் வந்து இறங்கினாராம். அப்படி வந்தவர்கள் பலர் குடியேறிய இடங்களில் எங்கள் வியாசர்பாடியும் ஒன்று. அவர்கள் கூடவே வந்ததுதான் அத்தோ.

சாப்பிட்டிராதவர்களுக்காகச் சொல்கிறேன். வெந்த ஆரஞ்சு நிற நூடுல்ஸில் பொடியாக நறுக்கிய கோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், இடித்த மிளகாய் எல்லாம் போட்டு, 'பேஜோ' என்கிற மொறுமொறு தட்டையை நொறுக்கித் தூவி, கையாலேயே கலந்து கொடுப்பார்கள். பர்மாவில் காய்ந்த இறால் பொடியும் மீன் சாறும் சேர்ப்பார்களாம். இங்கே வந்த பிறகு நம் நாக்குக்குத் தகுந்தாற்போல் புளியும் காரமும் தூக்கலாகிவிட்டது. கூடவே வாழைத்தண்டு போட்ட சூப். வேகவைத்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயம் அடைத்தும் தருவார்கள்.

இப்போது இந்த மாதிரிக் கலப்புச் சமையலை 'ஃப்யூஷன்' என்கிறார்கள். என் பெண் ஏதோ புதுசு போலச் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மிளகாயே போர்ச்சுகீசியர் கொண்டுவந்து நமக்குக் கிடைத்ததுதானே! அதற்கு முன் நம் காரமெல்லாம் மிளகுதான். மசால் தோசைக்குள் இருக்கிற உருளைக்கிழங்கும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான். அகதியாக வந்தவளும், கப்பலில் வந்தவனும், பக்கத்து வீட்டுக்காரியும் சேர்ந்துதான் நம் அடுப்பை நிரப்பியிருக்கிறார்கள்.

முதல் தடவை போனபோது அவள் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "என்னடி, காரமா?" என்றேன். "இல்லேடி. எங்கம்மா தள்ளுவண்டியிலே எத்தனை பேருக்குக் கலந்து கலந்து கொடுத்திருப்பாங்க... ஒரு நாளாவது அவங்க உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லே. ராத்திரி பதினொரு மணிக்குச் சட்டியை வழிச்சிச் சாப்பிடுவாங்க" என்றாள். அந்த அம்மாவுக்கும் சர்க்கரைதான். காலில் புண் வந்து, காலை எடுத்து, ஐம்பத்தெட்டு வயசிலேயே போய்ச் சேர்ந்தார். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. கடைக்காரத் தம்பி கேட்காமலேயே இன்னொரு கிண்ணம் சூப் கொண்டுவந்து வைத்தார்.

சர்க்கரைக்காரி நூடுல்ஸ் சாப்பிடலாமா என்று கேட்பீர்கள். மைதா நூடுல்ஸ் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும் என்பது உண்மைதான். அதனால் அவள், "தம்பி, நூடுல்ஸ் பாதி, கோஸ் ரெண்டு மடங்கு" என்று சொல்லிவிடுவாள். முதலில் வாழைத்தண்டு சூப், அப்புறம் முட்டை, கடைசியில்தான் நூடுல்ஸ். காயும் முட்டையும் முதலில் போய், மாவுச்சத்து பின்னால் போனால் சாப்பிட்ட பிறகு சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று ஆராய்ச்சிகளே சொல்கின்றன. வீட்டுச் சாப்பாட்டுக்கும் இது பொருந்தும். எனக்கு ரத்த அழுத்தம் எட்டிப் பார்க்கிற வயசு. அதனால் சாஸ் வகைகளை நான் தொடுவதில்லை. அதில் உப்பு ஏராளம். ஒரு நாளைக்கு மொத்தமாகவே ஒரு டீஸ்பூன், அதாவது ஐந்து கிராம் உப்புக்குள் இருக்கவேண்டும் என்பது கணக்கு.

செலவு? இரண்டு பேருக்கும் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பழைய பேப்பர் போட்ட காசு என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இந்த ஒரு வருஷத்தில் அவளுக்கு மறுபடி மயக்கம் வரவில்லை. இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. இப்போது மாமியாரே ஒரு மணி வரை காத்திருந்து, "வா, சேர்ந்து உட்காரலாம்" என்று இரண்டு தட்டு எடுத்து வைக்கிறாராம். ஆண்களுக்கு ஹாட்பேக்கில் இருக்கிறது. அவரவர் வந்து போட்டுக்கொள்கிறார்கள். ஒன்றும் குடி முழுகிப் போய்விடவில்லை!

சர்க்கரை உள்ளவர்கள் வீட்டில் எல்லாரும் ஒரு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிஷம் கழித்தும் சரியாகவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். தெளிந்ததும் சாப்பிட வையுங்கள். நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான்.

உங்களுக்கும் ஒரு சிநேகிதி இருப்பாள். நாளைக்கு ஒரு மணிக்கு அவளுக்குப் போன் போட்டு, "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். "இதோ, ஆச்சு" என்று மழுப்பினால் விடாதீர்கள். "தட்டு முன்னாலே உட்காரு, அப்புறம் பேசலாம்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு நீங்களும் உட்காருங்கள்!