டிராகன் காசும் எக்ஸாம் ஃபீஸும்

மலருக்குக் கவிதை கேட்டார்கள். எனக்குக் கவிதை வராது. ஏமாந்த கதை ஒன்று இருக்கிறது. சிரித்துவிட்டுப் போங்கள், ஆனால் கொஞ்சம் ஞாபகமும் வைத்துக்கொள்ளுங்கள்.

நசரத்பேட்டையில் எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வெள்ளிக் காசு இருக்கும். ஒரு பக்கம் சுருண்ட டிராகன், மறுபக்கம் இலை வளையம். பாட்டி அதைப் 'பாம்புக் காசு' என்பார். பாட்டியின் தாத்தா பினாங்குக்கு மூட்டை தூக்கப் போனவர். திரும்பி வரும்போது இடுப்பில் முடிந்து கொண்டு வந்தாராம். அது ஜப்பான் நாட்டு ஒரு யென். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பினாங்கு, சிங்கப்பூர் பக்கமெல்லாம் மெக்சிகோ டாலரோடு இந்த யென்னும் புழங்கியது.

போன வருஷம் ஒரு நாள், எக்ஸாம் ஃபீஸுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் அப்பா கொடுத்த 1,200 ரூபாயோடு பூந்தமல்லியில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். நடைபாதையில் துணி விரித்து ஒருத்தர் பழைய காசு விற்கிறார். நடுவில் அதே டிராகன்! எனக்குக் கை பரபரத்தது.

"ரெண்டாயிரம் தம்பி. இந்த வருஷத்துக் காசு எவன்கிட்டயும் கெடையாது."

"ஆயிரத்து எரநூறுதான் இருக்கு..."

"சரி, படிக்கிற புள்ள. எடுத்துக்க."

இந்தக் காசில் இருக்கவேண்டிய வெள்ளி மட்டும் 24 கிராம். வெள்ளி விலைக்கும் குறைவாக ஒருத்தர் வெள்ளியை விற்பாரா? இந்தச் சின்னக் கேள்வி அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் இரண்டு காசையும் லேப்புக்குக் கொண்டு போனேன். டிராகனைச் சுற்றி '416 ஒன் யென் 900' என்று ஆங்கிலத்தில் இருக்கும். 416 கிரெய்ன் எடை, ஆயிரத்துக்கு 900 பங்கு வெள்ளி என்று அர்த்தம். கிராமில் 26.96. பாட்டி காசு தேய்ந்துபோயும் 26.8 கிராம் நின்றது. என் காசு 21.9! வயிற்றில் புளி கரைத்தது.

நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு மறுபடி நிறுத்தேன். ஆர்க்கிமிடிஸ் தத்துவம், முதல் வருஷப் பாடம்தான். இரண்டுமே 2.6 கிராம் எடை இழந்தன. கணக்குப் போட்டால் பாட்டி காசின் ஒப்படர்த்தி 10.3. வெள்ளியோடு கொஞ்சம் செம்பு கலந்தால் வரவேண்டியது அதுதான். என் காசு 8.4. அது பித்தளைக் கணக்கு.

வெர்னியர் வைத்தேன். பாட்டி காசு 38.1 மில்லிமீட்டர், என்னுடையது 37.6. ஃபவுண்டரி படித்தவர்களுக்கு இது புரியும். அசல் காசையே பேட்டர்னாக வைத்து அச்சு எடுத்து வார்த்தால், உலோகம் ஆறும்போது சுருங்கத்தானே செய்யும்! லென்ஸில் பார்த்தால் டிராகனின் செதில்கள் மழுங்கி, நடுநடுவே ஊசிமுனைக் குழிகள். அசல் காசு வார்த்தது அல்ல, டையில் அடித்தது. ஒரு விஷயம், காந்தத்தை நம்பாதீர்கள். வெள்ளியும் ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது.

கடைசியாக வருஷம். மெய்ஜி சக்கரவர்த்தியின் ஆட்சியாண்டைச் சீன எண்களில் போட்டிருப்பார்கள். அதோடு 1867-ஐக் கூட்டினால் நம் ஆண்டு. பாட்டி காசில் 27, அதாவது 1894. என் காசில் 32, அதாவது 1899. ஜப்பான் 1897-இல் தங்கத்துக்கு மாறிவிட்டது. 1898 முதல் 1900 வரை வெள்ளி யென் அடிக்கவே இல்லை! 'எவன்கிட்டயும் கெடையாது' என்று அவர் சொன்னது சத்தியம்தான்.

அசல் காசிலேயே எண்ணைத் திருத்துவதும் உண்டு. 1875-ஆம் வருஷத்து யென், அதாவது மெய்ஜி 8, அபூர்வம். 18-இல் 'பத்து' எழுத்தைச் சுரண்டிவிட்டால் 8 ஆகிவிடும். எடை, வெள்ளி எல்லாம் சரியாக இருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் கீறலோ, பொருந்தாத இடைவெளியோ இருக்கிறதா என்று லென்ஸில் பார்க்கவேண்டும்.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் டர்னர் அவர். காசின் விளிம்பை விரலால் உருட்டிப் பார்த்தார். "நர்லிங் ஒரே பிட்ச்ல இல்லியேடா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எடை போட்டுட்டுக் காசு குடுக்கணும். நீ காசு குடுத்துட்டு எடை போட்ருக்க." அவ்வளவுதான், திட்டவில்லை. அந்த வாரம் இரண்டு நாள் ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்து ஃபீஸ் பணத்தைக் கையில் வைத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

நண்பன் ஒருத்தன் யோசனை சொன்னான். "மச்சி, எவன் தலையிலயாவது கட்டிடுடா. ரெண்டாயிரம் தேறும்." பொய் சொல்வானேன், ஒரு சாயங்காலம் காசை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றேன். ஒரு ஸ்கூல் பையன் எட்டிப் பார்த்தான். "அண்ணே, டிராகனா? ஒரு தபா குடுங்கண்ணே!" அவன் கண்ணைப் பார்த்தேன். போன மாதம் என் கண்ணும் அப்படித்தானே இருந்திருக்கும்! "இது டூப்புடா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் ஃபிட்டிங் ஷாப்பில் வைஸில் மாட்டி ஹேக்ஸாவால் இரண்டாக அறுத்தேன். மேலே வெள்ளி முலாம், உள்ளே மஞ்சள் மஞ்சளாய்ப் பித்தளை.

பாட்டி காசு மறுபடி சாமி மாடத்துக்குப் போய்விட்டது. என் அரைக் காசு சாவிக்கொத்தில் தொங்குகிறது. யாராவது என்னிடம் "அபூர்வம் தம்பி" என்று ஆரம்பித்தால், பாக்கெட்டில் கையை விட்டு அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

— இறுதியாண்டு, இயந்திரவியல்