ஓதத் தெரியும், வாசிக்கத் தெரியுமா?

மஃரிபுத் தொழுகைக்குப் பின் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் பணியில் என் வாழ்நாளில் பாதிக்குமேல் கழிந்துவிட்டது. அதில் ஒரு நாளை நினைக்குந்தோறும் தலை குனிகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்தது. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அம்ம ஜுஸ்வின் சூராக்களைத் தடையின்றி ஓதுவான். குரலும் இனியது. ஊர்ப் பெரியவர்கள் வந்தால் அவனைத்தான் ஓதச் சொல்வேன். ஒருநாள் அவனுடைய உம்மா வாசலில் நின்று, "ஹஜ்ரத், வீட்டில் இவன் கண்ணை மூடிக்கொண்டுதான் ஓதுகிறான். அவ்வளவு பேணுதல்!" என்று பூரித்தார்.

ஏனோ என் நெஞ்சில் ஒரு முள் தைத்தது. மறுநாள் முஸ்ஹஃபை அவன் ஓதாத ஓர் இடத்தில் விரித்து, ஒரு சொல்லின்மீது விரல் வைத்தேன். விரலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு தனக்குத் தெரிந்த சூராவைத் தொடக்கத்திலிருந்து ஓதலானான். எழுத்துகளில் பாதி அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. மூன்றாண்டுகள் என் பாயில் அமர்ந்த பிள்ளை! காதால் கேட்டதை அவன் ஒப்புவித்தான்; கேட்ட இனிமையில் நான் சோதிக்க மறந்தேன். குற்றம் அவனுடையதன்று.

அரபியில் 'கரஅ' என்னும் வினைக்கு ஓதுதல், வாசித்தல் என்னும் இரு பொருளும் உண்டு. நானோ முதற்பொருளோடு நின்றுவிட்டேன்.

இப்பிழை என் பாயோடு முடிந்ததன்று என்பதைப் பின்னர் அறிந்தேன். 'பிரதம்' என்னும் தொண்டு நிறுவனம் 2005 முதல் நம் நாட்டுக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைத் தனித்தனியே வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறது. எழுத்து, சொல், எளிய பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான சிறுகதை: இவைதாம் அதன் படிகள். அந்த அறிக்கையை 'அஸர்' என்பர். தொழுகையின் பெயரன்று, அரபியில் எழுத்தும் வேறு, பொருளும் வேறு. சுவடு, விளைவு என்பதே இச்சொல்லின் பொருள். பள்ளிக்குப் போன காலடியையன்று, அங்கே கற்றது பதித்த சுவடையே அது தேடுகிறது.

2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி 6 முதல் 14 வயது வரையுள்ள கிராமப் பிள்ளைகளில் நூற்றுக்கு 98 பேர் பள்ளியில் சேர்ந்திருந்தனர். ஆயினும் அரசுப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பில் இருந்தோருள் இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க முடிந்தவர் நூற்றுக்கு 44.8 பேரே. கென்யா, தான்சானியா, உகாண்டா நாடுகளிலும் 'உவேசோ' என்ற பெயரில் இவ்வாறே அளந்தனர். சுவாஹிலி மொழியில் 'ஆற்றல்' என்று பொருள்.

அளந்தபின் என்ன செய்வது? பிரதம் கண்ட வழி எளியது. நாள்தோறும் சிறிது நேரம் வகுப்பையும் வயதையும் ஒதுக்கிவைத்து, எழுத்தில் நிற்பவரை ஒரு குழுவாகவும், சொல்லில் நிற்பவரை ஒரு குழுவாகவும் அமர்த்தி, அவரவர் படியிலிருந்தே கற்பிப்பது. ஆய்வாளர்கள் பலமுறை சோதித்து இதன் பயனைக் கண்டனர். ஆப்பிரிக்காவில் ஜாம்பியா அரசும் இதை மேற்கொண்டது.

இதைப் படித்தபோது வியப்பினும் வெட்கமே மிகுந்தது. ஒரே பாயில் ஒருவன் அலிஃப், பா சொல்ல, அடுத்தவன் சூரா ஓத, ஒவ்வொருவனுக்கும் தனிப்பாடம் தருவதுதானே நம் மத்ரஸாக்களின் பழைய முறை! முறை என் கையில் இருந்தது. உண்மையாய் அளக்கும் கண்தான் இல்லை.

அச்சிறுவனுக்கு மீண்டும் அலிஃபிலிருந்து தொடங்கினேன். அவனுடைய உம்மா கலங்கி வந்தார். "கீழே இறக்கிவிட்டீர்களா, ஹஜ்ரத்?" என்றார். "இல்லை தங்கச்சி, அவன் நிற்கும் படியை இப்போதுதான் பார்த்தேன்" என்றேன். மற்றப் பிள்ளைகள் நகையாடாதிருக்க, இஷாவுக்குப் பின் தனியே அமர்த்திக் கற்பித்தேன். சில மாதங்களில், முன்பு கேட்டறியாத ஒரு வரியைத் தானே எழுத்துக் கூட்டி ஓதினான். குரலில் பழைய இனிமை இல்லை. தட்டுத் தடுமாறித்தான் ஓதினான். ஆயினும் அன்று அவன் கண்கள் திறந்திருந்தன.

பெற்றோரே, இன்றிரவு உங்கள் பிள்ளையை அருகில் அழையுங்கள். அவன் படித்திராத ஒரு பக்கத்தை, முஸ்ஹஃபோ தமிழ் நூலோ, விரித்து வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் கடிந்துகொள்ளாதீர்கள். அவன் தடுமாறும் இடமே நாம் தொடங்க வேண்டிய இடம்.