கடைக்காரர் பூட்டித்தாற பாகத்துக்கு யார் பொறுப்பு?

எங்கட கனகராயன்குளப் பக்கம் புது மோட்டார் சைக்கிள் எடுக்கிற பெடியளுக்கு இதைச் சொல்லவேணும். ஏ9 வீதியில இரவில மாடுகள் படுத்துக் கிடக்கும். கூடுதல் லைட் தேவைதான். வேற சைலன்சர், காத்து கூட இழுக்கிற ஃபில்டர் எண்டு ஆசையும் வரும். எடுக்கிற கடையிலயே பூட்டித் தருவினம். "எல்லாம் வொறன்ரிக்குள்ள வரும் தம்பி" எண்டும் சொல்லுவினம்.

வொறன்ரி தாறது கொம்பனி, பூட்டினது விற்பனை முகவர். லைட் இழுக்கிற மின்னை வண்டியின்ர சார்ஜிங் தாங்காட்டி ரெகுலேற்றர் எரியும், வயர் உருகும். அப்ப "வெளிச்சாமான் பூட்டியிருக்கு" எண்டு கையை விரிப்பினம். என்ர தம்பிக்கு இப்பிடித்தான் நடந்தது. பூட்டினதும் அதே கடை! எனக்கு இன்னும் கோபம் ஆறேல்லை.

அமெரிக்காவில 1975 ஆம் ஆண்டின் மக்னுசன்-மொஸ் சட்டம் இருக்கிறதால, வெளிப்பாகம் கிடக்கெண்ட ஒரே காரணத்துக்காக வொறன்ரியை மறுக்க ஏலாது. பழுது அதாலதான் வந்ததெண்டு கொம்பனி காட்டவேணும். இங்க இலங்கையில 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, குடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி எழுத்தில முறையிடலாம். வாங்கி 3 மாதத்துக்குள்ள. அந்த அதிகாரசபையின்ர 1977 எண்ட இலக்கத்துக்கு அழைச்சும் கேக்கலாம். ஆனா வாய்ச்சொல்லை அங்க எப்பிடிக் காட்டுறது?

பூட்டின பாகத்தின்ர பேர், எத்தினை மாத உத்தரவாதம், கடையா கொம்பனியா பொறுப்பு எண்டதைப் பற்றுச்சீட்டில எழுதி, முத்திரை குத்தி வாங்குங்கோ. எழுதமாட்டம் எண்டால் ஒண்டும் பூட்டாமலே வண்டியைக் கொண்டு வாங்கோ.