பாதிக்கப்பட்டவருக்கும் ஒரு வக்கீல்

"கேஸைப் போலீஸ்தானே நடத்துது, எனக்கெதுக்கு வக்கீல்?" வெட்டுக்காயத்தோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். அரசு வழக்கறிஞர் அரசுக்காக வாதாடுகிறார். பாதிக்கப்பட்டவரோ நெடுங்காலம் வழக்குக் கட்டில் ஒரு சாட்சியாக மட்டுமே இருந்தார். 2009 டிசம்பர் 31இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் அதை மாற்றியது. தனக்கென வக்கீல் வைத்துக்கொள்ளலாம். எதிரி விடுதலையானால் தானே மேல்முறையீடு செய்யலாம்.

அந்த வக்கீலுக்கும் எல்லை உண்டு. பாதிக்கப்பட்டவர்களுக்காக ஆஜராகும் நான், செஷன்ஸ் விசாரணையில் நேரடியாகக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. கேள்வியை அரசு வழக்கறிஞர் வழியாகத்தான் கேட்க வேண்டும். 2019இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதனால் என் வேலையில் பெரும்பகுதி கோர்ட்டுக்குப் போகும் முன்பே முடிந்திருக்க வேண்டும். காயச்சான்றையும் முதல் தகவல் அறிக்கையையும் வரிவரியாக ஒப்பிட்டு, விடுபட்டதைக் குறித்துக் கொடுப்பேன். சாட்சியம் முடிந்த பிறகு, நீதிமன்ற அனுமதியோடு எழுத்துமூல வாதம் தாக்கல் செய்வேன்.

ஜாமீன் கட்டம்தான் கடினமானது. லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022இல் ஜாமீனை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் தன் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு என்றது. ஆனால், "பயமா இருக்கு சார்" என்பதை மட்டும் மனுவில் எழுதினால் எடுபடாது. யார், எந்த நாளில், எந்த இடத்தில், என்ன சொல்லி மிரட்டினார் என்று பொறுமையாகக் கேட்டு எழுத வேண்டும். சொல்லச் சொல்ல உடைந்துபோகிறவரை அவசரப்படுத்தக் கூடாது. இந்தத் தொழிலில் வாதத் திறமையைவிடக் காது கொடுப்பதே முக்கியம் என்பேன்.

இழப்பீட்டுக்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எதிரி யாரென்றே தெரியாமல் வழக்கு விசாரணைக்கு வராவிட்டாலும், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். ஆணைக்குழு இரண்டு மாதத்தில் விசாரணையை முடித்துத் தொகையை நிர்ணயிக்க வேண்டும் என்கிறது சட்டம். சிகிச்சைக்கான அவசர இடைக்கால உதவியையும் கேட்கலாம். ஆசிட் வீச்சுக்கும் பாலியல் வன்கொடுமைக்கும் ஆளானவர்களுக்குத் தனியார் மருத்துவமனையும் உடனடியாக இலவச சிகிச்சை தர வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இந்த உரிமைகள் தொடர்கின்றன. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். புலன்விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதைப் போலீஸ் 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். மருந்துச் சீட்டு முதல் எல்லா ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் அதே ஆணைக்குழுவை அணுகுங்கள். கேட்பது உங்கள் உரிமை.