டியூ ஒன்று சொல்லும், கோட்டா ஒன்று சொல்லும்

கல்லூரி லேபின் லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த சாரிடம் உதவியாளாகச் சேர்ந்தபோது அவர் கட்டளை எதையும் சொல்லித்தரவில்லை. வட்டில் ஆளுக்கு எவ்வளவு இடம் என்ற கோட்டாவைக் காட்டும் ரெப்கோட்டாவை ஓட்டினால் வரும் பட்டியலைத் திரையில் காட்டி, “தினமும் காலையில இதப் படிப்பா, மத்தது அப்புறம்” என்றார்.

ஆளுக்கு ஒரு வரி. எவ்வளவு பிடித்திருக்கிறார், சாஃப்ட் லிமிட், ஹார்ட் லிமிட், கிரேஸ். இதே நான்கும் கோப்புகளின் எண்ணிக்கைக்கும் ஒருமுறை வரும். பெயரை ஒட்டி இரண்டு குறிகள். இரண்டும் கழித்தல் என்றால் பேசாமல் கடந்துவிடலாம். முதல் குறி கூட்டலானால் இடம் மீறியிருக்கிறது, இரண்டாவது கூட்டலானால் கோப்புகள் பெருகிவிட்டன. சாஃப்டைத் தாண்டியவரின் கையை அன்றே கட்டிவிடுவதில்லை. வழக்கமாக 7 நாள் கிரேஸ் உண்டு. அதற்குள் குறைக்காவிட்டால் பிறகு ஒரு வரிகூட எழுத முடியாது. ஹார்டைத் தாண்ட ரூட்டைத் தவிர யாருக்கும் வழியில்லை.

வரம்புகளை மாற்றும் எட்கோட்டா பிறகு வந்தது. இட அளவெல்லாம் கிலோபைட்டில், 2 ஜிபி வேண்டுமென்றால் 2097152 என்று அடிக்க வேண்டும். புது பேட்ச் சேரும்போது ஒவ்வொருவருக்கும் இப்படி உட்கார்ந்திருந்தால் விடிந்துவிடும். ஒருவருக்குச் சரியாக வைத்து, மைனஸ் பி போட்டு மற்றவர்களுக்கு அதையே படியெடுத்துவிடுவோம்.

வேலை உண்மையில் பிடிபட்டது ஓர் எம்.இ. மாணவி வந்தபோதுதான். “சார், என் ஹோம்ல ஒண்ணுமே இல்ல. ஆனா கோட்டா முடிஞ்சதுன்னு வருது.” அவர் ஹோமின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூவைப் போட்டால் 300 எம்பி சொன்னது. கோட்டாவோ 2 ஜிபியும் தீர்ந்தது என்றது. நான் கோட்டாவின் கணக்கைச் சந்தேகப்பட்டேன். சார் நிமிரக்கூட இல்லை: “டியூ டைரக்டரியப் பாக்கும். கோட்டா ஓனரப் பாக்கும். ஃபைண்ட்ல அவங்க பேரப் போட்டு பார்ட்டிஷன் முழுக்கத் தேடு.” தேடினால், ப்ராஜெக்ட்டின் பொது டைரக்டரியில் அவர் ஓட்டிய சிமுலேஷன் கொட்டிய கோப்புகள் எல்லாம் அவர் பெயரில் கிடந்தன. சோன் போட்டு ப்ராஜெக்ட் கணக்கின் பெயருக்கு மாற்றியதும் அவர் கணக்கு இறங்கிவிட்டது. ஒரு கோப்பைக்கூட இடம் மாற்றவில்லை.

ஃபைண்டுக்கும் அகப்படாத சமயம் உண்டு. கோப்பை அழித்திருப்பார்கள், அதைத் திறந்துவைத்த நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பெயர் போய்விடும், இடம் போகாது. எல்எஸ்ஓஎஃப் போட்டு அந்த நிரலைக் கண்டுபிடித்து நிறுத்தினால்தான் விடுபடும்.

ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் வாரங்களில் சார் எட்கோட்டா மைனஸ் டி போட்டு கிரேஸை 14 நாளாக்குவார். அது இனிமேல் தாண்டுகிறவர்களுக்கு மட்டும்தான். ஏற்கெனவே கெடு ஓடிக்கொண்டிருப்பவர்களுக்குப் பெரிய எழுத்து டி போட்டு ஒவ்வொருவராக நீட்ட வேண்டும். அந்தப் பட்டியல் என் பொறுப்பு.